டோக்கன் வரிசையில் எனக்கும் இடம் கொடுத்தவர்களுக்கு

சென்னையின் தர்ம ஆஸ்பத்திரிகள் எப்படி மாறிவருகின்றன என்ற என் ஆய்வு ஒருவழியாக முடிந்துவிட்டது. எட்டு மாதம் உங்கள் பெஞ்சுகளை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதற்கு முதலில் மன்னிப்பு, அப்புறம் நன்றி.

கம்பவுண்டர் ஐயா, அந்தக் காலத்து மிக்ஸர் மருந்து பாட்டிலில் பல் பல்லாக வெட்டிய காகிதத்தை ஒட்டி, ஒரு பல் ஒரு வேளை என்று கணக்கு வைத்ததைக் கத்தரி எடுத்து வெட்டியே காட்டினீர்கள். அப்போது வந்தவர்களுக்குக் காய்ச்சல், வயிற்றுப்போக்கு. மூன்று நாளில் சரியாகிப் போய்விடுவார்கள். இப்போது சர்க்கரை, பிரஷர். "முன்னெல்லாம் முகம் மாறிக்கிட்டே இருக்கும். இப்ப எல்லார் மாத்திரையும் எனக்கு மனப்பாடம்" என்றீர்கள். என் முதல் அத்தியாயமே அதுதான்.

ஓய்வுபெற்ற டாக்டர் அம்மாவுக்கும் நன்றி. முழு இலவசம்தான் தர்மம் என்று நினைத்திருந்தேன். டாக்டர் கே. எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வி.எச்.எஸ். (வாலண்டரி ஹெல்த் சர்வீசஸ்) ஆஸ்பத்திரியில் குடும்ப வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுச் சந்தா வாங்கிய திட்டத்தைச் சொல்லி என்னைத் திருத்தியவர் அவர்.

ஓர் இடத்தில் பழைய பதிவேடுகளை எடைக்குப் போட்டுவிட்டார்கள். இன்னும் வயிறு எரிகிறது. இன்னோர் இடத்தில் பரண்மேல் ஏறி, தும்மிக்கொண்டே நோட்டுகளை இறக்கித் தந்த தம்பிக்குத் தனியாக ஒரு கும்பிடு.

டோக்கன் கொடுக்கும் அக்காவுக்குத்தான் பெரிய கடன். 2021 ஆகஸ்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' வந்து மாத்திரை வீட்டுக்கே போக ஆரம்பித்த பிறகு இங்கே கூட்டம் குறைந்திருக்கும் என்று நான் எழுதி வைத்திருந்தேன். "ஒரு காலைல வந்து உக்காந்து பாருங்க" என்றீர்கள். வந்து பார்த்தால், மஞ்சப்பையில் மூன்று இடத்து மாத்திரைகளோடு ஆட்கள் நிற்கிறார்கள். இதுவும் அதுவும் ஒன்றா, இரண்டையும் போடலாமா, இந்த ரிப்போர்ட்டில் என்ன போட்டிருக்கிறது? மருந்து வாங்குவதைவிட விளக்கம் கேட்கத்தான் பலர் வந்திருந்தார்கள். அந்தப் பக்கங்களைக் கிழித்துப் போட்டு மறுபடி எழுதினேன்.

வரிசையில் முறுக்கு கொடுத்து, "உனக்கு எத்தனை வருஷமா சர்க்கரை?" என்று கேட்ட பாட்டிக்கும் நன்றி. இல்லை பாட்டி, எனக்குச் சர்க்கரை இல்லை. ஆனால் சும்மா இருக்கும் நேரத்தில் பார்க்கலாமே என்று அக்கா பிரஷர் பார்த்தார்: 150க்கு 100. இப்போது எனக்கும் அங்கே ஒரு நோட்டு இருக்கிறது. அடுத்த மாதம் டோக்கன் எடுத்துக்கொண்டே வருகிறேன்.