‘சாப்பிட்டியா’ என்று கேட்காதே, ராசா

அன்புள்ள சிவாவுக்கு,

நேற்று மத்தியானம் ஒன்றரைக்கு நீ கூப்பிட்டபோது அம்மா தூங்குகிறாள் என்று அப்பா சொன்னார் இல்லையா, அது பொய். நான் புறவாசல் படியில்தான் உட்கார்ந்திருந்தேன். போனை அவர் கையில் கொடுத்துவிட்டு நழுவியதே நான்தான். நீ எடுத்த எடுப்பில் “சாப்பிட்டியாம்மா?” என்பாய். “ம்” என்றால் “என்ன சாப்பிட்டே, எவ்வளவு சாப்பிட்டே?” என்பாய். எனக்கு அதற்குப் பதில் சொல்லத் தெம்பில்லை. உன் மேல் கோபம் ஒன்றும் இல்லை. நீ ஹாஸ்டலில் இருந்த நாலு வருஷமும் நான் உன்னிடம் அதைத்தானே கேட்டேன்? நீயும் பாதி நாள் மெஸ் பக்கமே போகாமல் “ஆச்சும்மா” என்று சொல்லியிருப்பாய். இப்போது என் முறை.

போனில் சொன்னால் நடுவில் பேசுவாய், அதுதான் எழுதுகிறேன். மூன்றாவது கீமோ ஏறி இன்றைக்குப் பதினேழாம் நாள். நாக்கு கொஞ்சம் என் பக்கம் திரும்பியிருக்கிறது. வருகிற செவ்வாய் நாலாவது. அதற்குள் எழுதினால்தான் உண்டு.

வாய் எப்படி இருக்கிறது தெரியுமா? நீ ஒன்றாவது படிக்கும்போது ஒரு ரூபாய்க் காசை வாயில் அதக்கிக்கொண்டு தூங்கிப்போனாயே, நான் பதறி விரலை விட்டு எடுத்தேனே, அந்தக் காசு இப்போது என் வாயில் இருக்கிறது. எடுக்கத்தான் முடியவில்லை. தண்ணீர் குடித்தாலும் அந்த ருசிதான். தாமிரபரணி என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்று இப்போதுதான் புரிகிறது என்றேன், அப்பாவுக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை.

இருபத்தெட்டு வருஷம் பயாலஜி நடத்தினவள் நான். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு, அடியில் கசப்பு என்று நாக்குப் படத்தைக் கலர் சாக்பீஸால் வரைந்து எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் போட்டிருப்பேன். அந்தப் படமே தப்பு என்று ரிட்டயர் ஆகும் சமயத்தில்தான் தெரிந்தது. எல்லா ருசியும் நாக்கில் எல்லா இடத்திலும் தெரியும். சரியாகச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு: ருசி அறியும் செல்களுக்கு ஆயுசு ஏறக்குறைய பத்து நாள், பழையது போய்ப் புதியது வந்துகொண்டே இருக்கும். கீமோ மருந்துக்கு வேலையே வேகமாகப் பெருகும் செல்களைக் கொல்வது. அது கட்டி எது, நாக்கு எது, தலைமுடி எது என்று பார்ப்பதில்லை. ஆக என் நாக்கு கெட்டுப்போகவில்லை, பழைய செல் போய்ப் புதியது வரத் தாமதமாகிறது, அவ்வளவுதான். எல்லாம் முடிந்த சில வாரத்தில், சிலருக்குச் சில மாதத்தில், ருசி திரும்பும் என்கிறார்கள்.

குமட்டல் வேறு கதை. அதில் தப்பு செய்தவள் நானே. முதல் கீமோ முடிந்து மாத்திரை தந்து அனுப்பினார்கள். வாந்தி வந்தால் போட்டுக்கொள்ளலாம், சும்மா எதற்கு மாத்திரை என்று டப்பாவில் வைத்துவிட்டேன். அன்று ராத்திரி ஒன்றும் இல்லை. நான்கூட ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். இரண்டாம் நாள் மத்தியானம் ஆரம்பித்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் வரை வயிற்றில் ஒன்றும் இல்லாமல் பச்சைத் தண்ணியாக வந்தது. கீமோ என்றால் அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான் என்று உன்னிடமும் சொல்லவில்லை, டாக்டரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை போனபோது நர்ஸ் பொண்ணு எடை பார்த்துவிட்டு, “மூணு கிலோ எங்கே போச்சு டீச்சர்?” என்று கேட்டாள். நான் பிள்ளைகளைக் கேட்கிற அதே தோரணை.

அப்புறம்தான் டாக்டர் உட்காரவைத்துச் சொன்னார். மருந்து ஏறினதும் குடலில் இருக்கும் செல்கள் செரட்டோனினைக் கொட்டும். அது நரம்பு வழியாக மூளைக்கு ‘விஷம் வந்திருக்கிறது, வெளியே தள்ளு’ என்று சொல்லும். ஒன்டான்செட்ரான் வகை மாத்திரை அந்தச் சேதியை வழியில் மறிக்கிறது. இரண்டாம் நாளுக்கு மேல் வருகிற குமட்டல் பெரும்பாலும் வேறு வழியாக வருவது, அதற்குத்தான் அப்ரெபிடன்ட் என்று மூன்று நாளைக்குத் தருகிறார்கள். சேதி போய்ச் சேர்ந்த பிறகு மறித்து என்ன பிரயோசனம்? வாந்தி வரும் முன்பே, மணி பார்த்துப் போட வேண்டும்.

அதோடு ராத்திரிக்கு ஒலான்சபின் என்று ஒன்று சேர்த்தார். வீட்டுக்கு வந்ததும் அப்பா அதைக் கூகுளில் தட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளிறிப்போனார். “இது மனசு சரியில்லாதவங்களுக்குக் கொடுக்கிறதாமே, உன்னைப் பத்தி டாக்டர் என்ன நினைச்சிட்டார்?” மறுநாள் காலையில் நானே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த நோய்க்குத் தருவதும் இதுதான், ஆனால் குறைந்த அளவில் குமட்டலுக்கு நன்றாகக் கேட்கும் என்றார்கள். எனக்குத் தருவது 2.5 மில்லிகிராம். முன்பெல்லாம் 10 கொடுப்பார்களாம். 2.5 போதும், பகலில் தூங்கி வழிவதும் குறையும் என்று மும்பை டாடா மெமோரியலில் செய்த ஆய்வை 2024இல் வெளியிட்டிருக்கிறார்கள். இரண்டாவது கீமோவுக்கு ஒரே ஒரு தடவைதான் வாந்தி. மூன்றாவதுக்கு அதுவும் இல்லை, குமட்டல் மட்டும். ஒன்டான்செட்ரானால் மலம் இறுகிப்போகிறது, அதை டாக்டரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிட்டேன். இனி எதையும் மறைப்பதாக இல்லை.

அந்த ஒரு தடவையைச் சொல்ல வேண்டும். அப்பா பாவம், யூடியூப் பார்த்து ரசம் வைத்தார். நான் முன்ரூமில் படுத்திருந்தேன். நெய்யில் கடுகு வெடித்து, பெருங்காயம் விழுந்த அந்த வாசம் வந்ததே, கல்யாணமான நாளிலிருந்து எந்த வாசத்துக்கு எல்லாரும் என் அடுப்படிக்கு வந்து எட்டிப்பார்ப்பார்களோ, அதே வாசம். எழுந்து ஓடினேன், முற்றம்கூடத் தாண்டவில்லை. திரும்பிப் பார்த்தால் கரண்டியைக் கையில் பிடித்தபடி வாசற்படியில் நிற்கிறார். கரண்டியில் கருவேப்பிலை இன்னும் பொரிந்துகொண்டிருந்தது. ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் காலையில் பார்த்தால் ஒற்றை அடுப்பையும் சிலிண்டரையும் புறவாசல் தாழ்வாரத்துக்குக் கொண்டுபோய் வைத்திருந்தார். அன்றிலிருந்து சமையல் அங்கேதான். ஆக்கி, ஆறவைத்துத்தான் உள்ளே வரும். ஆறினால் வாசம் அடங்கிவிடுகிறது, சூட்டோடு வந்தால்தான் வம்பு.

அடுத்த வீட்டு அக்காவும் ஒரு காரியம் செய்கிறாள். மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று, “டீச்சர், கருவாடு வறுக்கப் போறேன், ஜன்னலைச் சாத்திக்கிடுங்க!” என்று சத்தம் கொடுப்பாள். தெருவுக்கே கேட்கும். முதலில் கூச்சமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது.

எவர்சில்வர் தட்டும் தம்ளரும் பரணுக்குப் போய்விட்டன. உலோகம் பட்டால் அந்தக் காசு ருசி இரட்டிப்பாகிறது. கண்ணாடி தம்ளர், பீங்கான் கிண்ணம், அள்ளிக் குடிக்க ஆச்சி காலத்துச் சிரட்டை அகப்பை. சாப்பாட்டுக்கு முன்னால் வாய் கொப்பளிக்கிறேன்: ஒரு தம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், கால் டீஸ்பூன் ஆப்பசோடா, அரைக்கால் டீஸ்பூன் உப்பு. முழுங்கக் கூடாது, துப்பிவிட வேண்டும். இதற்குப் பிறகு நாலு வாய்க்காவது காசு நகர்ந்து கொடுக்கிறது. அந்த நாலு வாய்க்குள் தயிர்சோறு, ஓரத்தில் உப்பு நார்த்தங்காய். புளிப்புதான் இப்போது என் நாக்குக்குத் தெரிகிற ஒரே ருசி. வாயில் புண் வந்தால் அதுவும் கூடாது, இதுவரை வரவில்லை. சத்துக்கு உளுந்தங்கஞ்சி, கருப்பட்டி போட்டு, ஆறவைத்து. மூன்று வேளை என்ற கணக்கே இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருதரம் அரைக் கிண்ணம். வயிறு காலியாக இருந்தாலும் குமட்டுகிறது, நிரம்பினாலும் குமட்டுகிறது. அப்படியிருக்க நீ ஒன்றரை மணிக்கு ‘சாப்பிட்டியா’ என்றால் நான் எதைச் சொல்ல?

எனக்குக் கேட்பது எல்லாருக்கும் கேட்காது. பக்கத்து நாற்காலியில் கோவில்பட்டி அக்கா ஒருத்தி, குடலில் கட்டி. ஜில்லென்று எதையாவது குடித்தால் குமட்டல் அடங்குகிறது என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவளுக்கு ஏறுவது ஆக்ஸாலிபிளாட்டின், ஜில் தண்ணி பட்டால் தொண்டையில் முள் குத்துமாம். அன்றிலிருந்து யாருக்கும் யோசனை சொல்வதில்லை. நீயும் வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் எனக்கு அனுப்பாதே.

இப்போது சொதி விஷயம். இரண்டாவது கீமோவுக்கு மறுநாள், அம்மாவுக்குப் பிடிக்குமே என்று உன் சிநேகிதனிடம் சொல்லி மறுவீட்டுச் சாப்பாடு மாதிரி தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லாம் அனுப்பினாய். நான் திறக்கவே இல்லை, மூடியோடு அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். நீ கேட்டபோது நன்றாக இருந்தது என்றேன். அதுவும் பொய். காரணம் இருக்கிறது. முதல் கீமோ நாட்களில் பிடிவாதமாகக் காப்பி குடித்தேன், குடித்ததை வாந்தி எடுத்தேன். இன்றைக்குக் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்தாலே வயிறு புரட்டுகிறது. 1978இல் அமெரிக்காவில் இலீன் பெர்ன்ஸ்டைன் என்ற பெண்மணி, கீமோவுக்கு முன்னால் குழந்தைகளுக்குப் புதுவகை ஐஸ்கிரீம் ஒன்றைக் கொடுத்துப் பார்த்தார். பிறகு அந்த ஐஸ்கிரீமையே பிள்ளைகள் வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டன. உடம்பு குமட்டலையும் தின்றதையும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்கிறது, மூளை எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் கேட்காது. காப்பியை இழந்தாயிற்று. சொதியையும் இழக்க நான் தயாராக இல்லை. அந்த முதல் நாலு நாளில் எனக்குப் பிடித்ததைக் கண்ணில் காட்டாதே.

கீமோவின் சிவப்பு மருந்து ஏறுவதைப் பார்த்துப் பார்த்து ரோஸ் மில்க்கும் போச்சு. அது போகட்டும்.

ஒரே ஒரு ஆசை வந்தது, பழைய சோறு. மண்சட்டியில் ஊறினது, சின்ன உள்ளி கடித்துக்கொள்ள. டயட்டீஷியன் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டாள். பத்தாம் நாளை ஒட்டி வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும், அப்போது ராத்திரி முழுக்க வெளியே இருந்த சோறு வேண்டாமாம். காய்ச்சல் 100.4 தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்காமல் ஓடிவர வேண்டுமாம். தெர்மாமீட்டர் அப்பா சட்டைப் பையில், பேனாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

செவ்வாய்க்கிழமையோடு இந்தச் சிவப்பு மருந்து முடிகிறது. அடுத்தது பாக்ளிடாக்சல், வாரம் ஒன்றாகப் பன்னிரண்டு. அதில் குமட்டல் குறைவாம், விரல்தான் மரத்துப்போகுமாம். வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

நீ வருகிறேன் என்கிறாய். எனக்காக என்றால் கீமோ ஏறின மூன்றாம் வாரத்தில் வா, உன்னோடு உட்கார்ந்து நாலு வாய் சாப்பிடுவேன். அப்பாவுக்காக என்றால் முதல் வாரத்தில் வா, அப்போதுதான் அவருக்கு ஒரு ஆள் வேண்டும். எதற்கு வந்தாலும் அந்த சென்ட்டை அடித்துக்கொண்டு வராதே. போன் போடுவது நாலு மணிக்கு மேல் போடு. ஹவுஸ் ஓனரோடு சண்டை என்றாயே, அது என்ன ஆயிற்று? அதைச் சொல்லு.

அப்பா புறவாசலில் இருந்து “ஏளா, உப்பு பாரு” என்று கூப்பிடுகிறார். என் நாக்குக்கு உப்பு தெரியாது என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் தினமும் சிரட்டை அகப்பையில் கொஞ்சம் அள்ளி, ஊதி ஊதி ஆற்றி நீட்டுகிறார். நானும் குடித்துப் பார்த்து, “இன்னும் ஒரு கல்லு போடுங்க” என்கிறேன். போடுகிறாரா, போட்ட மாதிரிக் கையை ஆட்டுகிறாரா என்று நான் பார்ப்பதில்லை. போய்விட்டு வருகிறேன்.

அன்புடன்,
அம்மா