குழியானை காட்டிய அம்மாவுக்கு நன்றி

போன ஞாயிறு மலைப்பாதையில் எதிரே இறங்கி வந்த அம்மா, உங்கள் பெயர் தெரியாது, அதனால் நன்றியை இங்கே சொல்கிறேன்.

கால் வலிக்கிறது என்று என் மகள் பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்று நாங்கள் கெஞ்சிக்கொண்டிருந்தோம். நீங்களோ அவள் பக்கத்தில் குந்தி, பாறைக்கு அடியில் மழை படாத பொடிமணலில் இருந்த சின்னச் சின்னக் குழிகளைக் காட்டினீர்கள். ஓர் எறும்பு சறுக்கியதும் அடியிலிருந்து மணல் தெறித்தது! அப்புறம் ஒரு குழியை மெல்ல அள்ளிச் சலித்து, பின்னோக்கியே நகரும் குழியானை என்ற சின்னப் பூச்சியை அவள் உள்ளங்கையில் விட்டீர்கள். வளர்ந்ததும் இதற்குத் தும்பி மாதிரி நீளச் சிறகு முளைக்கும் என்றதும் அவள் வாயைப் பிளந்துவிட்டாள். பார்த்து முடித்ததும் அதே மணலில் விடச் சொன்னீர்களே, அது எனக்கு ரொம்பப் பிடித்தது.

கிளம்பும்போது, "சின்னவளை முன்னால விடுங்க, நீங்க அவ வேகத்துக்கு நடங்க" என்றீர்கள். உச்சி வரை அவள்தான் வழிகாட்டி. பாறைக்குப் பாறை நின்றுதான் போனோம். நேரமானால் ஆகட்டும்!

இப்போது லென்ஸ் வேண்டுமாம். கட்டாயம் வாங்கித் தருகிறோம். ரொம்ப நன்றி அம்மா.