பூட்டிய ஃப்ளாட்டும் ஏறும் வாடகையும்: சேகருக்கு ஒரு கடிதம்

மஞ்சக்குப்பம், கடலூர்
ஞாயிறு

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குப் புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் வேலை கிடைத்ததில் ரொம்ப சந்தோஷம். கோரிமேடு, லாஸ்பேட்டைப் பக்கம் வீடு தேடித் தேடி அலுத்துப்போய்விட்டாள் என்பதில் ஆச்சரியமில்லை. கடைசியில் ஒரு கேள்வியையும் கொளுத்திப் போட்டிருக்கிறாய்: "கிழக்குக் கடற்கரைச் சாலையில் கோடி ரூபாய் ஃப்ளாட்டாகக் கட்டித் தள்ளுகிறார்கள். இதனால் எங்களைப் போன்றவர்களுக்கு என்ன பிரயோஜனம்?"

பிரயோஜனம் உண்டு. ஆனால் அந்த ஃப்ளாட்டில் ஒருவர் குடியேற வேண்டும், குடியேறுகிறவர் தன் பழைய வீட்டை இன்னொருவருக்கு விட்டுவிட்டு வர வேண்டும். கல்யாணப் பந்தி மாதிரிதான். முன் வரிசை எழுந்தால்தான் பின்னால் நிற்கிறவனுக்கு இலை விழும். ரெயின்போ நகரில் 25 ஆயிரம் வாடகை கொடுத்த டாக்டர் சொந்த ஃப்ளாட்டுக்குப் போகிறார் என்று வை. அந்த வீட்டுக்கு லாஸ்பேட்டையில் 16 ஆயிரத்துக்கு இருந்த வங்கிக்காரர் வருகிறார். அவர் விட்ட இடத்துக்கு முத்தியால்பேட்டையில் 9 ஆயிரத்துக்கு மாடிப் போர்ஷனில் இருந்த குடும்பம் போகிறது. போர்ஷன் காலி. டாக்டருக்கு ஃப்ளாட் கட்டாமல் விட்டிருந்தால் அவர் ஊரை விட்டா போயிருப்பார்? அந்த ரெயின்போ நகர் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பார், பின்னால் ஒரு வீடும் காலியாகியிருக்காது.

இதை ஆள் ஆளாகப் பின்தொடர்ந்தே எண்ணியிருக்கிறார்கள். பின்லாந்தில் யார் எந்த முகவரியில் இருக்கிறார் என்பதற்கு அரசுப் பதிவேடு உண்டு. அதை வைத்து ஹெல்சின்கி நகர மையத்தில் சந்தை விலையில் கட்டிய புது வீடுகளைத் தொடர்ந்து பார்த்தார்கள். 100 புது வீட்டுக்கு, வருமானத்தில் கீழ்ப்பாதியில் உள்ள பகுதிகளில் 66 வீடும், அடிமட்ட ஐந்தில் ஒரு பங்குப் பகுதிகளில் 31 வீடும் அதனால் காலியாகியிருக்கின்றன. அமெரிக்காவின் 12 பெருநகரங்களில் எவன் மாஸ்ட் என்ற பொருளாதார ஆய்வாளர் இதே கணக்கைப் போட்டார். 100 புது வீட்டுக்கு, ஐந்தாண்டுக்குள், சராசரிக்குக் கீழான பகுதிகளில் 45 முதல் 70 வீடு காலியாகும் என்று வந்தது. ஆக, "பணக்காரனுக்குக் கட்டினால் பணக்காரனுக்கு மட்டும்தான்" என்பது சரியில்லை.

ஆனால் புதுச்சேரி ஹெல்சின்கி இல்லையே. இப்படி ஒருவர் பின் ஒருவராக வீடு மாறும் சங்கிலி இங்கே பல நேரம் முதல் கண்ணியிலேயே அறுந்துவிடுகிறது. சென்னைக்காரர் சனி ஞாயிறுக்கு வர ஒரு ஃப்ளாட் வாங்குகிறார். சென்னை வீட்டை அவர் விடப்போவதில்லை. பிரான்சில் இருக்கும் நம்மவர் வருஷத்தில் ஒரு மாதம் வந்து தங்க ஒன்று வாங்குகிறார். இன்னொருவர் வாங்கி ஹோம்ஸ்டேயாக நாள் வாடகைக்கு விடுகிறார். உள்ளூர்க்காரரே வாங்கினாலும், பழைய வீட்டைப் பாகப்பிரிவினை முடியவில்லை என்றோ, பையன் கல்யாணத்துக்கு இருக்கட்டும் என்றோ பூட்டுப் போட்டு வைக்கிற பழக்கம் நம்மிடம் ஏராளம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இந்திய நகரங்களில் காலியாகக் கிடந்தவை 1.1 கோடி வீடுகள். மறு வருஷம் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகர வீட்டுப் பற்றாக்குறை 1.88 கோடி என்றது, அதிலும் 95 சதவீதத்துக்கு மேல் குறைந்த வருமானக்காரர்களுடையது என்றது. பூட்டிய வீடும் நகரத்தில்தான், பற்றாக்குறையும் நகரத்தில்தான்.

கூட்டுக் குடும்பத்திலிருந்து புது ஃப்ளாட்டுக்குத் தனிக்குடித்தனம் வருகிறவரை மட்டும் இந்தப் பட்டியலில் சேர்க்காதே. அவர் எதையும் காலி செய்வதில்லை, ஆனால் வாடகை வீட்டுக்கு உன் மகளோடு போட்டிக்கும் வருவதில்லை.

ஏன் பூட்டி வைக்கிறார்கள், ஏன் விலை குறைந்த ஃப்ளாட்டாகக் கட்டுவதில்லை என்றால் இரண்டுக்கும் கணக்கு ஒன்றுதான். (மனையை நம்மூர் கிரவுண்டிலும், விதியைத் தமிழ்நாட்டு விதியிலும் சொல்கிறேன்.) ஐந்து கிரவுண்ட், 12,000 சதுர அடி, சதுர அடி 5,000 என்று ஒரு கணக்குக்கு வை. மனைக்கே 6 கோடி. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிப்படி 18.3 மீட்டருக்கு மிகாத கட்டடத்துக்கு எஃப்எஸ்ஐ 2, அதாவது மனைப் பரப்பைப் போல இரண்டு மடங்கு, சுமார் 24,000 சதுர அடி கட்டலாம். கட்டிய ஒவ்வொரு சதுர அடி தலையிலும் மனை மட்டும் 2,500 ரூபாய். கட்டுமானம் இன்னொரு 2,500, அனுமதிக் கட்டணம், இரண்டு வருஷ வட்டி, புரோக்கர் கமிஷன் 900, லாபம் 900. 6,800 ஆகிவிட்டது. 1,000 சதுர அடி ஃப்ளாட் 68 லட்சம். அதில் கார்பெட் பரப்பு, அதாவது வீட்டுக்குள் புழங்கும் இடம், 700, 750தான் தேறும்.

660 சதுர அடியில் கட்டினால் 45 லட்சத்துக்குள் அடங்கும். பெருநகரங்களுக்கு வெளியே கார்பெட் பரப்பு 90 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால், கட்டி முடியாத ஃப்ளாட்டுக்கு ஜிஎஸ்டி 5 இல்லை, 1 சதவீதம்தான். இருந்தும் பில்டர் தயங்குகிறார். வீடு சின்னதானால் எண்ணிக்கை கூடும். ஒவ்வொன்றுக்கும் தனிச் சமையலறை, கழிவறை, குழாய். எல்லாவற்றையும்விட கார். ஒரு கார் நிற்க 2.5க்கு 5 மீட்டர், திருப்பும் வழியோடு 25 சதுர மீட்டருக்குக் குறையாது. ஸ்டில்ட் தளத்தில் (தூண்கள் மட்டும் நிற்கும் கீழ்த்தளம்) எத்தனை கார் அடங்குமோ அத்தனை ஃப்ளாட் என்று மேலே வரைபடம் போடுகிறார்கள். வீட்டின் அளவைத் தீர்மானிக்கிறது வண்டி! கார் நிறுத்தும் இடம் பற்றிய இந்த ஒரு விதியைத் தளர்த்தினாலே, மானியம் எதுவும் இல்லாமல், சின்ன ஃப்ளாட் வரும் என்பது என் எண்ணம்.

இனி வாங்கினவர் பக்கம். 68 லட்சத்தில் வங்கி 80 சதவீதம் தரும், 54.4 லட்சம். 8.5 சதவீத வட்டி, 20 வருஷம் என்றால் மாதத் தவணை சுமார் 47,200. வாடகைக்கு விட்டால் 16 ஆயிரம் வரும் என்று வை, வருஷத்துக்கு 1.92 லட்சம், போட்ட பணத்துக்கு 2.8 சதவீதம். அதிலும் வீட்டு வரி, பராமரிப்பு, ஆள் மாறும்போதெல்லாம் பெயின்ட் போக மிச்சம் சொற்பம். "இதுக்கா ஆளை உள்ளே விட்டு, காலி பண்ண மாட்டேன்னு மல்லுக்கட்டணும்?" என்று சாவியை டிராயரில் போட்டுவிடுகிறார். மனை விலை ஏறும்வரை பூட்டு நஷ்டமில்லை. கனடாவின் வான்கூவரில் 2017 முதல் காலி வீட்டுக்கு மதிப்பில் 1 சதவீதம் வரி போட்டார்கள், பிறகு 3 ஆக்கினார்கள். அந்த அளவு வந்தால்தான் டிராயர் திறக்கும்.

ஒரு கட்டடம் ஊருக்கு உதவுகிறதா என்று நீயே பார்க்கலாம். செவ்வாய்க்கிழமை இரவு எட்டு மணிக்கு எத்தனை ஜன்னலில் வெளிச்சம் என்று எண்ணு, சனிக்கிழமை மறுபடி எண்ணு. சனிக்கிழமை மட்டும் ஜொலித்தால் அது விடுதி. ஸ்டில்ட் தளத்து மீட்டர் பலகை இன்னும் நேர்மையானது. இரண்டு மாத இடைவெளியில் ரீடிங் அசையவே இல்லையென்றால் பூட்டிய வீடு. பிறகு, முன்பு அங்கே என்ன இருந்தது என்று பக்கத்து டீக்கடையில் கேள். சவுக்குத் தோப்போ பழைய குடோனோ என்றால் வந்ததெல்லாம் லாபம். எட்டுக் குடித்தனம் இருந்த ஓட்டு வீட்டு வரிசையை இடித்துப் பன்னிரண்டு ஃப்ளாட் என்றால் கூடியது நாலு, போன எட்டும் மலிவு வாடகை.

"புது வீடு பழசானால் மலிவாகும்" என்று ஒரு வாதம் உண்டு. நம் கடற்கரையில் அதற்கு முன் உப்பு முந்திக்கொள்கிறது. கடற்காற்று நேரே படும் கான்கிரீட்டுக்கு ஐஎஸ் 456 என்ற இந்தியத் தரவிதி கேட்பது குறைந்தது எம்30 என்ற வலிமைத் தரம், கம்பியை மூடி 45 மில்லிமீட்டர் கான்கிரீட் (கவர்). கடல்நீர்த் தூறல் விழும் இடமென்றால் எம்35, 50 மில்லிமீட்டர். பழைய ஸ்லாபுகளை உடைத்துப் பார்த்தால் பல இடத்தில் 15 மில்லிமீட்டர்தான் இருக்கும். உப்பு உள்ளே போகும், கம்பி துரு ஏறி ஊதும், ஊதினால் கான்கிரீட் வெடிக்கும். முதலில் கம்பி ஓடும் திசையிலேயே மயிரிழை விரிசல், அடுத்து பழுப்புக் கறை, கடைசியில் பாளம் பாளமாக விழும். சுத்தியலால் தட்டினால் 'டொப்' என்று வெற்றோசை கேட்கும். அந்த நிலையில் மேல்பூச்சு பூசுவது புண்ணின் மேல் பவுடர் போடுவது. கம்பிக்குப் பின்புறம் வரை கொத்தி, துருவைச் சுரண்டி, துருத்தடுப்புப் பூசி, பாலிமர் கலந்த காரையால் அடைக்க வேண்டும். அசோசியேஷனில் அதற்கு நிதி இருக்காது, பாதிப் பேர் ஊரில் இருக்க மாட்டார்கள். பூட்டிய வீட்டுக்காரர் பராமரிப்பும் தர மாட்டார். இப்படித்தான் இருபத்தைந்து வருஷ ஃப்ளாட், மலிவு வீடாக வேண்டியது, ஆபத்தான வீடாகிவிடுகிறது.

மகள் விஷயம். புதுக் கட்டடத்தில் தேட வேண்டாம். பெரிய பிளாக் ஒன்று சாவி கொடுத்து ஆறு, எட்டு மாதம் கழித்து, அதே சுற்றுவட்டாரத்தில் பத்துப் பதினைந்து வருஷத்துக் கட்டடங்களில் தேடச் சொல். சங்கிலி அங்கேதான் இறங்கும். எல்லை தாண்டி கோட்டக்குப்பம் பார்த்தால் அது தமிழ்நாடு. 2019-இல் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தம் கட்டாயம், வேறு மாதிரி ஒப்புக்கொண்டால் ஒழிய அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான். புதுச்சேரிக்குள் அந்தச் சட்டம் செல்லாது.

ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறது என்றாயே, அதன் கழிவறைக் கூரையையும் பால்கனியின் அடிப்பக்கத்தையும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல். விரிசல் கம்பிப் போக்கில் ஓடியிருந்தால் பணம் எதுவும் கொடுக்க வேண்டாம்.

அன்புடன்,
பாலு