கீலிலிருந்து அத்தாவுக்கு

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம். போன வாரம் போனில், "கோதுமை இலையில புள்ளி பார்க்கவா ஜெர்மனி போனே?" என்று சிரித்தீர்கள். பதில் சொல்வதற்குள் லைன் போய்விட்டது.

இங்கே மாலை நாலு மணிக்கே இருட்டிவிடுகிறது. கடல் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் நம் தொண்டிக் கடல் கரிப்பதில் பாதிதான் கரிக்கும்.

சரி, அந்தப் புள்ளி. ஸைமோசெப்டோரியா என்ற பூஞ்சை கோதுமை இலைக்குள் புகுந்து பத்து நாளுக்கு மேல் சத்தமில்லாமல் கிடக்கும். அப்புறம் இலை காய்ந்து, கேழ்வரகைவிடப் பொடியான கருப்புப் புள்ளிகள் வரும். ஈரத்தில் வைத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், புள்ளிக்குள்ளிருந்து இடியாப்பம் பிழிகிற மாதிரி வெள்ளையாக வித்துகள் நெளிந்து வரும். மழைத்துளி தெறித்தால் போதும், அடுத்த இலைக்கு ஏறிவிடும்.

நாங்கள் வைத்திருக்கும் பூஞ்சைக்கு 21 குரோமோசோம், அதாவது ஜீன்களைத் தாங்கும் டி.என்.ஏ. இழைகள். அதில் 8 உபரி, இல்லாமலும் பிழைக்கும். நீங்கள் வலை ஊசியில் நூல் சுற்றுவீர்களே, அப்படி டி.என்.ஏ. ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் சுற்றியிருக்கிறது. அந்த ஹிஸ்டோன் வாலில் 27ஆம் இடத்தில் மீத்தைல் என்ற குட்டி வேதி அடையாளம் மூன்று ஏறினால் அந்தப் பகுதி மூடிக்கொள்ளும், ஜீன் வேலை செய்யாது. உபரி எட்டிலும் இந்த அடையாளம்தான் நெடுக.

அதுதான் அவற்றைக் காப்பாற்றுகிறது என்று நினைத்தேன். நேர்மாறு! அடையாளம் வைக்கும் என்சைமை நீக்கினால் அந்த எட்டும் முன்னைவிட நன்றாக நிலைக்கின்றன. வாலின் 9ஆம் இடத்திலும் இதேபோல் ஒரு அடையாளம் உண்டு. அதை நீக்கினாலோ, 27க்கு உரியது அது இருந்த பகுதிகளுக்கு ஓடிப்போய் உட்கார, குரோமோசோம்கள் உடைகின்றன. 2019இல் இந்த ஊர்க்காரர்களும் சேர்ந்து கண்டுபிடித்தது.

என் கூத்தையும் கேளுங்கள். 18 டிகிரியில் வளர்க்க வேண்டியதை 28இல் விட்டுவிட்டேன், மூன்று வாரம். நமக்கு அது மார்கழிப் பகல், இதற்குத் தாங்கவில்லை. பல காலனிகளில் உபரி குரோமோசோம்களைக் காணோம். முதலிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

யாராவது இந்தப் பக்கம் வந்தால் ஆர்.எஸ். மங்கலம் மாமாவிடம் குண்டு மிளகாய் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்துவிடுங்கள். நன்றாகக் காய்ந்ததாகப் பார்த்து. ஈரமிருந்தால் பூஞ்சை பிடித்துவிடும். எனக்கு லேபில் இருக்கிறதே போதும்.

உங்கள் மகள்