முதல் வாரத்தில் இருக்கும் டீச்சருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். வகுப்பு கைமீறிப் போகிறது என்று தோன்றும்போது, ‘தப்பு செய்கிறவனை என்ன செய்வது?’ என்ற கேள்விதான் முதலில் எழும். வகுப்பறைகளை வீடியோ எடுத்து ஆராய்ந்த உளவியலாளர் ஜேக்கப் கூனின், 1970இல் வெளியிட்ட முடிவில் இந்தக் கேள்வியையே மாற்றிவிட்டார். ஒழுங்காக நடக்கும் வகுப்பையும் அமளியான வகுப்பையும் பிரித்துக் காட்டியது, ஆசிரியர் கண்டித்த விதம் அல்ல. கண்டிக்க வேண்டிய நிலையே வராமல் அவர் முன்கூட்டிச் செய்து வைத்த வேலைகள்தான்.

ஆகவே சத்தம் எங்கே பிறக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் பாடத்துக்கு நடுவில் அல்ல, இடைவெளிகளில்தான்: பிள்ளைகள் உள்ளே வரும்போது, நோட்டு கொடுக்கும்போது, ஒரு வேலை முடிந்து அடுத்ததற்கு மாறும்போது.

மணி அடிக்கும் முன்பே வாசலில் நின்றுவிடுங்கள். வராந்தாவும் வகுப்பும் ஒருசேரக் கண்ணில் படும்படி நிற்க வேண்டும். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, போர்டைக் காட்டுங்கள். அங்கே 3 கேள்விகள் தயாராக இருக்கட்டும்: இரண்டு நேற்றைய பாடத்திலிருந்து, ஒன்று சற்றே யோசிக்க வைப்பது. யார் உதவியும் இல்லாமல் 5 நிமிடத்தில் முடிகிற அளவுதான் இருக்க வேண்டும். கடினமாகப் போட்டால் “புரியல மிஸ்” என்று நாலா பக்கமும் குரல் எழும்பும், அமைதி போய்விடும்.

நோட்டு கொடுப்பதும் சின்ன விஷயமில்லை. 40 பேருக்கு நீங்களே நடந்து கொடுத்தால், ஆளுக்கு 10 விநாடி வைத்தாலும் 400 விநாடி. கிட்டத்தட்ட 7 நிமிடம் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். வரிசைவாரியாக முன்பே அடுக்கி, முதல் பெஞ்சில் வைத்துப் பின்னால் கடத்தச் சொல்லுங்கள். முதல் வாரத்தில் இதற்கென்றே இரண்டு மூன்று தடவை பயிற்சி கொடுங்கள். அது வீணான நேரம் இல்லை.

வேலை சொல்லும்போது வரிசை முக்கியம். “நோட்டை எடுங்க” என்ற பிறகு பக்க எண்ணைச் சொன்னால், பை திறக்கும் சத்தத்தில் அது காதில் விழாது. என்ன செய்ய வேண்டும், எத்தனை நிமிடம், பேசலாமா கூடாதா என்பதைச் சொல்லி முடித்த பிறகே “ஆரம்பிக்கலாம்.” பாதி வகுப்பு பேசிக்கொண்டிருக்கும்போது குரலை உயர்த்தித் தொடங்காதீர்கள். டீச்சர் பேசும்போது நாமும் பேசலாம் என்று நீங்களே கற்றுக் கொடுத்ததாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு ஒருவன் பேசத்தான் செய்வான். முதலில் ஒரு பார்வை. நிற்கவில்லை என்றால் பாடத்தை நிறுத்தாமலே பக்கத்தில் போய், நோட்டில் விரல் வைத்து, அவனுக்கு மட்டும் கேட்கும்படி “ரெண்டாவது கணக்கு” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். நகர்வதுதான் இதில் உயிர்நாடி. அங்கேயே நின்றால் மொத்த வகுப்பும் அவனைப் பார்க்கும், அவனும் மானத்தைக் காப்பாற்ற எதிர்த்துப் பேசுவான். “ஏன் பேசுற?” என்று கேட்காதீர்கள். அது பதிலை வரவழைக்கும், பதில் வாக்குவாதமாகும். ஒருவனுக்காக வகுப்பு முழுவதையும் தண்டிப்பது அநியாயம். அதுவரை உங்கள் பக்கம் இருந்தவர்களும் அன்றோடு விலகிவிடுவார்கள்.

உங்களை அதிகம் சோதிக்கிற ஒரு பிள்ளையைத் தேர்ந்தெடுத்து, தினம் 2 நிமிடம் என்று தொடர்ந்து 10 பள்ளி நாட்கள் பேசுங்கள். பாடம், நடத்தை பற்றிய பேச்சே வேண்டாம். அவனுக்குப் பிடித்த விளையாட்டு, வீட்டு நாய்க்குட்டி, எதுவாகவும் இருக்கலாம். எதிரே உட்கார வைத்துக் கேட்டால் விசாரணை போலாகும், வராந்தாவில் அவனோடு சேர்ந்து நடந்தபடி பேசுங்கள். முதல் சில நாள் “ம்”, “இல்ல” என்றுதான் பதில் வரும். பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். இன்னும் சிலர் மூன்றாம் நாளே புத்திமதியில் இறங்கிவிடுகிறார்கள். இரண்டுமே காரியத்தைக் கெடுக்கும்.

பெற்றோருக்கு முதல் போன், ஒரு நல்ல செய்தி சொல்வதற்காக இருக்கட்டும். பிற்பாடு ஒரு குறையைச் சொல்ல நேர்ந்தால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஒருவனைக் கண்டித்த நாளுக்கு மறுநாள், அவன் வாசலில் தயங்கித் தயங்கி வருவான். மற்றவர்களைக் கூப்பிட்ட அதே குரலில் அவன் பெயரையும் சொல்லி, போர்டைக் காட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் சக ஆசிரியர்