பொருள்: இரண்டு கூப்பே, நான்கு சனிக்கிழமை, திரும்பி வராத 1,000 வெள்ளி

மதிப்பிற்குரிய மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். முதல் இரண்டுக்கும் 'உங்கள் புகார் பெறப்பட்டது' என்ற ஒரு வரிதான் பதிலாக வந்தது. பெற்றுக்கொண்டீர்கள் சரி, யாராவது படித்தீர்களா?

நான் கேட்டது ஒன்றுதான். உங்கள் கடையில் விற்பனைக்கு இருந்த இரண்டு கூப்பேக்களை, அதாவது இரண்டு கதவுள்ள தாழ்வான கார்களை, அந்த வெள்ளை டொயோட்டா 86-ஐயும் சிவப்பு ஹோண்டா சிஆர்-இசட்டையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துங்கள், குடும்பத்தோடு உட்கார்ந்து பார்த்துவிட்டு முடிவு சொல்கிறேன் என்றேன். "1,000 வெள்ளி புக்கிங் கட்டுங்க சார், ரெண்டும் ரெடியா நிக்கும். பிடிக்கலன்னா பணம் வாபஸ்" என்று போனில் சொன்னது உங்கள் ஆள். கட்டினேன். செந்தூலிலிருந்து பெட்டாலிங் ஜெயாவுக்கு வந்தேன். 86 புஸ்பாகோம் வாகனப் பரிசோதனை நிலையத்துக்குப் போயிருந்தது. அடுத்த சனி சிஆர்-இசட்டுக்கு பேட்டரி இறங்கிவிட்டதாம். அதற்கடுத்த சனி, கூட்டரசு நெடுஞ்சாலையில் கொட்டும் மழையில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து வந்து சேர்ந்தால், சாவி வைத்திருப்பவர் லீவு! போன் செய்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?

நான்காவது வாரம்தான் உட்கார முடிந்தது. நியாயமாகச் சொல்கிறேன், 86-இன் முன்சீட்டு அருமை. இடுப்பை இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்கிறது. இறங்கும்போதுதான் ஐம்பத்திரண்டு வயது முழங்கால் கத்துகிறது, அவ்வளவு தாழ்வு. ஆனால் என் உயரத்துக்கு, ஐந்தடி பத்து அங்குலம், சீட்டைப் பின்னால் தள்ளியதும் அதன் முதுகு பின்சீட்டு மெத்தையை முட்டியது. என் பதின்மூன்று வயது மகன் காலை வைக்க இடமில்லாமல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சிஆர்-இசட் கூடுதல் உயரம், ஏறி இறங்கச் சுலபம். அந்த உயரமெல்லாம் முன்னால் இருப்பவருக்குத்தான். பின்னால் கூரை சரிந்து இறங்குகிறது. என் மனைவியின் கொண்டையில் இருந்த மல்லிகைச் சரம் பின்கண்ணாடியில் நசுங்கி ஒட்டிக்கொண்டது. மலேசியாவில் 2009 முதல் பின்சீட்டிலும் பெல்ட் கட்டாயம். தலையைக் குனிந்தபடி பெல்ட் போட்டுக்கொண்டு பத்துமலை வரை எப்படிப் போவாள்?

நான் அளவு நாடாவை எடுத்து முழங்கால் இடத்தை அளந்தேன். அப்போதுதான் உங்கள் கடையின் அந்தக் கண்ணாடி போட்ட இளைஞர், மற்ற வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி, "அங்கிள், உங்க வயசுக்கு கூப்பே எதுக்கு? ஒரு ஆல்ஸா குடும்ப வண்டி எடுங்க. இதுல பின்சீட்டு பை வைக்கத்தான்" என்றார். என் மகன் முன்னால்! பை வைக்கத்தான் என்றால் உங்கள் விளம்பரத்தில் '4 பேர் தாராளமாக அமரலாம்' என்று எதற்குப் போட்டீர்கள்? சிஆர்-இசட்டை அமெரிக்காவில் பின்சீட்டே இல்லாமல்தான் விற்றார்கள். வண்டி விற்கும் உங்களுக்கு இது தெரியாமலா இருக்கும்?

இப்போது 'புக்கிங் பணம் திரும்பாது' என்கிறார்கள். எந்தத் தாளில் அப்படி எழுதியிருக்கிறது? மறுபடி போன் செய்தால் பாட்டு போட்டுக் காக்க வைக்கிறார்கள். பெட்ரோல், பார்க்கிங், நான்கு நாள் சம்பளம், மகன் முன்னால் போன மானம் எல்லாம் சேர்த்தால் என் நஷ்டம் பத்தாயிரம் வெள்ளிக்குக் குறையாது. நான் கேட்பது 1,000 மட்டும்தான்.

தயவு செய்து 14 நாளுக்குள் திருப்பிக் கொடுங்கள். உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டினால் வழக்கு பதிந்துவிடலாம், வக்கீலும் வேண்டாம். பாரத்தை ஏற்கெனவே நிரப்பி வைத்துவிட்டேன். அந்த இளைஞர் என் மனைவியிடமும் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நான்கு சனிக்கிழமை வந்து போன வாடிக்கையாளர்

பி.கு.: என் அளவு நாடா 86-இன் முன்சீட்டுக்கு அடியில் விழுந்து கிடக்கிறது. மஞ்சள் நிறம். பணத்தோடு அதையும் அனுப்பி வையுங்கள்.