ஓய்வுநாள் பள்ளி கிறிஸ்துமஸ்: பெற்றோர் கவனத்துக்கு

அன்பான பெற்றோருக்கு ஸ்தோத்திரம்.

இந்த வருடக் கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியை எளிமையாக நடத்த ஆசிரியர்கள் கூடிப் பேசி முடிவு செய்திருக்கிறோம். வாடகை உடை, நடனம், மேடை அலங்காரம் எதுவும் வேண்டாம். ஒத்திகையிலேயே பிள்ளைகள் களைத்துப்போகிறார்கள். இயேசுவை ஏன் முன்னணையில் (மாட்டுத் தீவனத் தொட்டியில்) கிடத்தினார்கள் என்று உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பதில்லை.

நாள்: டிசம்பர் 20, அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்த காலம்) நான்காம் ஞாயிறு
நேரம்: மாலை 4 முதல் 5.30 வரை
இடம்: ஆலய வளாகம், வேப்பமரத்தடி

1. லூக்கா 2:1-20 பகுதியைப் பிள்ளைகளே மாறி மாறி வாசிப்பார்கள். யாருக்கு எந்த வசனம் என்று இந்தக் குழுவில் அனுப்புவோம். வீட்டு ஜெபத்தில் தினமும் ஒருமுறை வாசிக்க வையுங்கள். மனப்பாடம் தேவையில்லை, புரிந்து வாசித்தால் போதும்.

2. மேய்ப்பர்களாக வரும் பிள்ளைகளுக்கு அப்பாவின் வேட்டியும் தலைக்கு ஒரு துண்டும் போதும். தயவுசெய்து புது உடை வாங்காதீர்கள். எல்லோராலும் வாங்க முடியாது. அதனால் ஒரு பிள்ளைகூட ஒதுங்கி நிற்கக் கூடாது.

3. பரிசுப் பரிமாற்றம் இல்லை. ஆலயத்துக்கு வர முடியாத முதியவர்களுக்கு ஒவ்வொரு பிள்ளையும் கையால் ஒரு வாழ்த்து அட்டை செய்து வரட்டும். நிகழ்ச்சி முடிந்ததும் அவர்கள் வீட்டுக்கே போய், ஒரு பாட்டுப் பாடிக் கொடுப்போம். அட்டை கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நீங்கள் வரைந்து கொடுக்க வேண்டாம்.

4. கேக், சுண்டல், டீ சபை ஏற்பாடு.

வரும் புதன் இரவுக்குள் பிள்ளையின் பெயரையும் வகுப்பையும் இங்கே பதிவிடுங்கள். வீடு சந்திப்புக்குக் கூட வர நான்கு பெற்றோர் தேவை. முடிந்தவர்கள் ‘வருகிறேன்’ என்று சேர்த்து எழுதுங்கள். வேறு யோசனை இருந்தால் தனியே அழையுங்கள், பேசலாம்.